கரியமில வாயு: ஜூரோங் தீவிலிருந்து நடுக்கடல் வரை

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். அதை எரித்தால் வெளிவரும் கரியமில வாயுவோ 2.3 கிலோ. எடை மும்மடங்கானது எப்படி? பெட்ரோலில் சுமார் 640 கிராம் கார்பன் இருக்கிறது. எரியும்போது அணு எடை 12 உள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும், தலா 16 எடையுள்ள இரண்டு ஆக்சிஜன் அணுக்களைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டு 44 ஆகிவிடுகிறது. 640 கிராமை 44/12ஆல், அதாவது 3.67ஆல் பெருக்கிப் பாருங்கள், விடை வந்துவிடும். இந்த ஒரு பெருக்கல் கைவசம் இருந்தால் எந்த எரிபொருளுக்கும் கணக்குப் போடலாம். அறிக்கைகளைப் படிக்கும்போது ‘டன் கார்பன்’ என்று இருக்கிறதா, ‘டன் கரியமில வாயு’ என்று இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் விடை கிட்டத்தட்ட நான்கு மடங்கு பிசகும்.

உலக அளவில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்ட் ஆகியவற்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 37 பில்லியன் டன் கரியமில வாயு வெளியாகிறது. அதில் நிலக்கரியின் பங்கு மட்டும் சுமார் 40 விழுக்காடு. காடழிப்பு, கரிநிலத் தீ (மட்கிய தாவரங்கள் படிந்த சதுப்பு நிலத்தில் பற்றும் தீ) போன்றவை தனிக்கணக்கு. 1997லும் 2015லும் சிங்கப்பூரை மூடிய புகைமூட்டம் அந்தக் கணக்கைச் சேர்ந்தது. நாம் மூச்சுவிடும் வாயு எதிலும் சேராது. அது நாம் உண்ட பயிர் காற்றிலிருந்து சில மாதங்களுக்கு முன் எடுத்த கார்பன்தான்.

சிங்கப்பூரில் கார்களும் பேருந்துகளும்தான் கண்ணில் படுகின்றன. ஆனால் தரைப் போக்குவரத்தின் பங்கு ஏழில் ஒன்றுதான். மின்னுற்பத்தியும் தொழில்துறையும் சேர்ந்து ஐந்தில் நான்கு பங்குக்கு மேல்.

முதலில் மின்சாரம். இங்கே அதில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. வாயுவை எரித்து ஒரு சுழலியைச் சுழற்றுகிறார்கள். அதிலிருந்து 600 பாகை செல்சியஸ் அளவில் வெளியேறும் சூட்டைக் கொண்டு நீராவி ஆக்கி, இரண்டாவது சுழலியையும் ஓட்டுகிறார்கள். இவ்வளவு செய்தும் வெப்பத்தில் பாதி வரை வீணாகத்தான் போகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, இயற்கை எரிவாயுவின் முக்கியப் பொருளான மீத்தேன் சுமார் 145 கிராம் எரிந்து 400 கிராம் கரியமில வாயு வருகிறது. அறை வெப்பநிலையில் அது 220 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். மாதம் 400 யூனிட் செலவழிக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றின் பங்கு 160 கிலோ. சுழலியைப் பாதிச் சுமையில் ஓட்டினால் யூனிட்டுக்கு எரியும் வாயு இன்னும் கூடும்.

இந்த இயற்கை எரிவாயுவில் ஒரு பகுதி மைனஸ் 162 பாகையில் திரவமாகக் கப்பலில் வருகிறது. அப்படிக் குளிர்விக்க ஆகும் எரிபொருளின் புகை ஏற்றுமதி செய்யும் நாட்டுக் கணக்கில் விழும். சிமெண்டும் அப்படியே. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும், 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். சூளையை மின்சாரத்துக்கு மாற்றினாலும் அந்த 44 கிலோ குறையாது. நம் அடுக்குமாடிகளுக்கான கல் வெளிநாட்டில் சுடப்படுகிறது.

சிங்கப்பூரின் எண்ணெய், ரசாயன ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவில் விவகாரம் இன்னும் நுணுக்கமானது. கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாஃப்தாவை நீராவியோடு 800 பாகைக்கு மேல் சூடாக்கி, பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான எத்திலீனாக உடைக்கிறார்கள். புகை வருவது உலையை எரியவைக்கும் எரிபொருளிலிருந்து. நாஃப்தாவில் இருந்த கார்பனின் பெரும்பகுதி பிளாஸ்டிக்குக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பிளாஸ்டிக் குப்பையாகித் துவாஸ் எரியாலைக்குப் போனால் கிலோவுக்கு 3 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். தீவின் வெளியேற்றத்தில் ஒரு பகுதி பல ஆண்டு தாமதமாக, வேறொரு புகைபோக்கி வழியாக வருகிறது என்றே சொல்ல வேண்டும். எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்க ஹைட்ரஜன் வேண்டும். மீத்தேனிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால், வேதிச் சமன்பாட்டின்படியே 5.5 கிலோ கரியமில வாயு வரும். உலைக்கான எரிபொருளையும் சேர்த்தால் 9 கிலோவைத் தொடும்.

ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியேற்றும் ஆலைகள் கரிம வரி கட்டுகின்றன. 2019ல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய வரி, 2024ல் 25 வெள்ளியானது. 2026க்கு 45 வெள்ளி. முதலில் வைத்த 5 வெள்ளி மிகக் குறைவு என்பது என் கருத்து. அந்த விலைக்கு யாரும் உலையை மாற்றமாட்டார்கள்.

வரியும் தொடாத, நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேராத ஒன்று கப்பல் எரிபொருள். உலகிலேயே அதிகமாகக் கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் துறைமுகம் சிங்கப்பூர்தான், ஆண்டுக்கு 50 மில்லியன் டன்னுக்கு மேல். ஒரு டன் எரிந்தால் 3.1 டன் கரியமில வாயு. ஆக, 150 மில்லியன் டன்னைத் தாண்டுகிறது. சிங்கப்பூர் முழுவதும் ஓராண்டில் வெளியேற்றும் அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல். அனைத்துலகப் பயணத்துக்கான கப்பல், விமான எரிபொருளை நாட்டின் கூட்டுத்தொகையில் சேர்க்காமல் தனியே குறிக்க வேண்டும் என்பது ஐநா விதி. எண்ணெய் இங்கே ஏறுகிறது, நடுக்கடலில் எரிகிறது, எந்த நாட்டின் மொத்தத்திலும் வருவதில்லை.