ஜெரிமாண்டர் என்றால் என்ன? வட கரோலினாவின் இரண்டாம் தொகுதி காட்டும் பொருள்

தொகுதி மறுவரையறை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் 'ஜெரிமாண்டரிங்' என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. ஒரு தரப்புக்கு ஆதாயம் கிடைக்கும்படி, அல்லது ஒரு பிரிவு மக்களின் வாக்கு வலுவிழக்கும்படி, தொகுதி எல்லையை வேண்டுமென்றே வளைத்துப் போடுவதுதான் ஜெரிமாண்டர். 'வேண்டுமென்றே' என்பதுதான் இங்கே உயிர்நாடி. மக்கள்தொகை மாறினால் எல்லைகளையும் மாற்றித்தான் ஆகவேண்டும். அது நிர்வாக வேலை. யார் ஜெயிக்கவேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்பக் கோடு போட்டால் அது ஜெரிமாண்டர்.

சொல் பிறந்தது 1812இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில். அப்போது அங்கே ஆளுநராக இருந்தவர் எல்பிரிட்ஜ் கெரி. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். 1787இல் அரசியல் சாசனத்தில் கையெழுத்திட மறுத்தவர். மாநிலச் செனட் தொகுதிகளை அவருடைய ஜனநாயகக் குடியரசுக் கட்சி தனக்குச் சாதகமாக வரைந்தது. 1812 பிப்ரவரியில் அந்தச் சட்டத்துக்கு கெரி ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். எஸெக்ஸ் கவுண்டியில் அமைந்த ஒரு தொகுதி, மற்ற ஊர்களைச் சுற்றிக்கொண்டு ஒல்லியாக நீண்டு வளைந்து கிடந்தது. மார்ச் 26 அன்று 'பாஸ்டன் கெசட்' இதழ் அந்த வரைபடத்துக்குத் தலையும் இறக்கையும் நகங்களும் வைத்து ஒரு விலங்காகவே அச்சிட்டது. பல்லியைப் போல நீண்ட உடலும் வாலும் உள்ள சாலமாண்டர் என்ற நீர்நில வாழ் உயிரியின் பெயரில் பின்பாதியை எடுத்து, ஆளுநர் பெயரோடு ஒட்டி, அந்த விலங்குக்குப் பெயரும் வைத்தது.

அந்த ஆண்டுச் செனட் தேர்தலில் எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகள் மொத்த வாக்கில் முந்தினார்கள். ஆனாலும் 40 இடங்களில் 29 கெரியின் கட்சிக்குப் போயின. கோடு தன் வேலையைச் செய்துவிட்டது. கெரியோ ஆளுநர் தேர்தலில் தோற்றார். ஆளுநரை மாநிலம் முழுக்கச் சேர்ந்து தேர்ந்தெடுப்பதால் அங்கே தொகுதிக் கோட்டுக்கு வேலை இல்லை. அடுத்த ஆண்டு துணைக் குடியரசுத் தலைவரானார், 1814இல் காலமானார். அவருடைய பெயர் 'கெ' என்று வல்லொலியில் தொடங்குவது. சொல்லை மட்டும் இன்று பெரும்பாலோர் 'ஜெ' என்றே உச்சரிக்கிறார்கள். தமிழில் ஆளைக் கெரி என்றும் சொல்லை ஜெரிமாண்டர் என்றும் எழுதுவதே பொருத்தம்.

சரி, இதை எப்படிச் செய்கிறார்கள்? வழிகள் இரண்டு. நூறு வாக்காளர்கள், ஐந்து தொகுதிகள், தொகுதிக்கு 20 பேர் என்று வையுங்கள். எதிர்த்தரப்புக்கு 40 பேர் இருக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் இரண்டு தொகுதி அவர்களுக்குக் கிடைக்கவேண்டும். அந்த 40 பேரைத் தொகுதிக்கு 8 பேராகப் பிரித்துவிட்டால் ஐந்திலும் தோற்பார்கள். இது உடைத்தல். 20 பேரை ஒரே தொகுதியில் திணித்து, மிச்ச 20 பேரை மற்ற நான்கில் ஐந்தைந்தாகத் தூவினால், ஒன்றில் அமோகமாக ஜெயித்து நான்கில் தோற்பார்கள். இது அடைத்தல். உடைத்தலைப் பார்த்ததும் அநியாயம் என்று தெரிந்துவிடும். அடைத்தல் அப்படியில்லை. ஒரு பிரிவுக்கு ஒரு தொகுதியை ஒதுக்கிக் கொடுத்ததுபோல வெளியில் தெரியும். அதனாலேயே இந்த இரண்டாவது வழியைக் கொஞ்சம் ஊன்றிப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் இரண்டாம் தொகுதிக்கு நடந்ததைவிட நல்ல எடுத்துக்காட்டு இதற்குக் கிடைக்காது.

அதற்குமுன் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திவிடலாம். இங்கே காங்கிரஸ் என்பது கட்சி அல்ல, அமெரிக்க நாடாளுமன்றம். 'டிஸ்ட்ரிக்ட்' என்று அவர்கள் சொல்வதை மாவட்டம் என்று எழுதுவது பிழை. அது பிரதிநிதிகள் சபைக்கு ஓர் உறுப்பினரை அனுப்பும் தொகுதி. நம் மாவட்டத்துக்குக் கொஞ்சம் கிட்ட வருவது கவுண்டி.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. 1870இல் வந்த அமெரிக்க அரசியல் சாசனத்தின் பதினைந்தாவது திருத்தம், நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்றது. வட கரோலினாவின் கிழக்குப் பகுதி தோட்டப் பண்ணைகள் நிறைந்த பகுதி என்பதால், அங்கே பல கவுண்டிகளில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. அவர்கள் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அன்று ஜனநாயகக் கட்சிதான் வெள்ளையர் மேலாதிக்கத்தின் கட்சி. இன்றைய நிலையை வைத்து அன்றைய பெயர்களைப் படித்தால் குழப்பமே மிஞ்சும். மாநிலச் சட்டமன்றத்தைக் கையில் வைத்திருந்த ஜனநாயகக் கட்சியினர் 1872இல் தொகுதிகளைப் புதிதாக வரைந்தார்கள். வர்ஜீனியா எல்லையை ஒட்டிய வாரன், நார்தாம்ப்டனில் தொடங்கி, ஹாலிஃபாக்ஸ், எட்ஜ்கோம்ப் வழியாகத் தெற்கே நியூ பெர்ன் நகரம் இருக்கும் கிரேவன் வரை ஒரே தொகுதியாகக் கோத்தார்கள். கறுப்பின வாக்குகளை முடிந்தவரை இந்த ஒரு தொகுதிக்குள் அடைத்துவிட்டால் அக்கம்பக்கத்துத் தொகுதிகளில் ஜனநாயகக் கட்சிக்குக் கவலை இருக்காது என்பதுதான் கணக்கு. தொகுதிக்குப் பெயரே 'கறுப்பு இரண்டாம் தொகுதி' என்று ஆகிவிட்டது.

இதில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தொகுதிகளின் மக்கள்தொகை முடிந்தவரை சமமாக இருக்கவேண்டும் என்று காங்கிரஸ் சட்டம் போட்டதும் அதே 1872இல்தான். எண்ணிக்கை சமமாக இருந்தாலும் கோடு கோணலாக இருக்கலாம் என்பதை அன்றைக்கே பார்த்துவிட்டார்கள்.

புதிய எல்லைகளில் முதலில் வென்றவர் நியூ பெர்னைச் சேர்ந்த வெள்ளையர், குடியரசுக் கட்சியின் சார்லஸ் தாமஸ். அப்புறம் 1874 தேர்தலில் ஜான் ஆடம்ஸ் ஹைமன் வென்றார். 1840இல் வாரன் கவுண்டியில் அடிமையாகப் பிறந்தவர். அலபாமாவுக்கு விற்கப்பட்டு, 1865இல் விடுதலை பெற்று ஊர் திரும்பியவர். மூன்றே ஆண்டுகளில் மாநில அரசியல் சாசன மாநாட்டின் உறுப்பினர், பிறகு மாநிலச் செனட்டர். 1875 மார்ச் 4 அன்று அவர் பதவிக் காலம் தொடங்கியபோது, வட கரோலினாவிலிருந்து காங்கிரசுக்குப் போன முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

ஒரே தவணைதான். அடுத்த முறை கட்சி அவரை விட்டுவிட்டு, ஆளுநராக இருந்த கர்ட்டிஸ் பிராக்டனை நிறுத்தியது. 1878இல் குடியரசுக் கட்சி வாக்குகள் பிரிந்ததால் ஜனநாயகக் கட்சியின் வில்லியம் கிட்சின் வென்றார். தோற்றவர் ஜேம்ஸ் ஓஹாரா. முடிவை எதிர்த்து முறையிட்டும் பலன் இல்லை. 1880இல் ஆர்லாண்டோ ஹப்ஸ் தொகுதியை மீட்டார். 1882இல் ஓஹாராவே வென்று இரண்டு தவணை இருந்தார். நியூயார்க்கில் பிறந்து ஹாலிஃபாக்ஸில் வழக்கறிஞராக இருந்தவர் இவர். 1884 டிசம்பரில், மாநிலங்களுக்கிடையே ஓடும் ரயில்களில் எல்லாப் பயணிகளுக்கும் சமமான இடவசதி தரவேண்டும் என்று ஒரு மசோதாவில் திருத்தம் கொண்டுவந்தார். மற்றவர்கள் அடுத்தடுத்துச் சேர்த்த திருத்தங்கள் அதை நீர்த்துப்போகச் செய்தன. 1886இல் இன்னொரு கறுப்பின வேட்பாளரும் களத்தில் நிற்க, மீண்டும் வாக்கு பிரிந்தது. ஜனநாயகக் கட்சியின் ஃபர்னிஃபோல்ட் சிம்மன்ஸ் நுழைந்துவிட்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1888இல் சிம்மன்ஸைத் தோற்கடித்தவர் ஹென்றி பிளம்மர் சீத்தம். இவரும் அடிமையாகப் பிறந்தவர்தான். 1891இலிருந்து 1893 வரை ஓடிய காங்கிரசில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் இவரே. 1891இல் எல்லையை மறுபடி மாற்றி, தொகுதியில் கறுப்பின வாக்காளர் விகிதத்தைக் குறைத்தார்கள். அதாவது, அடைத்தவர்களே இப்போது உடைக்கத் தொடங்கினார்கள். 1892இல் சீத்தம் தோற்றார். ஃபிரெடரிக் உட்டர்ட் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர் இரண்டு தவணை இருந்தார்.

தொகுதியைத் திரும்பப் பிடித்தவர் சீத்தமின் சகலை ஜார்ஜ் ஹென்றி ஒயிட். ஹவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். நியூ பெர்னில் வழக்கறிஞராகவும் அரசுத் தரப்பு வழக்கு நடத்துபவராகவும் பெயர் எடுத்தவர். 1896இலும் 1898இலும் வென்றார். இரண்டு தவணையிலும் சபையில் அவர் ஒருவரே கறுப்பினத்தவர். கும்பல் கொலைகளைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் முதல் மசோதாவை 1900 ஜனவரியில் கொண்டுவந்தார். அது குழுவைத் தாண்டவில்லை.

எந்த மக்களை ஒதுக்கிவைக்கக் கோடு போட்டார்களோ, அந்த மக்கள் அதே கோட்டுக்குள்ளிருந்து நான்கு பேரைக் காங்கிரசுக்கு அனுப்பினார்கள். 1870இலிருந்து 1901 வரை பிரதிநிதிகள் சபையில் இருந்த கறுப்பினத்தவர் மொத்தம் 20 பேர். அதில் நான்கு பேர் இந்த ஒரே தொகுதிக்காரர்கள். ஆனால் பக்கத்துத் தொகுதிகளில் அதே மக்களின் குரல் அந்த அளவுக்கு மெலிந்தது. இந்த நான்கு பேருக்காக அந்தக் கோட்டை நியாயம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வெற்றி வாக்காளர்களுடையது, கோடு போட்டவர்களுடையது அல்ல.

கோடு மட்டும் போதாது என்று தெரிந்ததும் வேறு வழிகளில் இறங்கினார்கள். 1877 சட்டம் ஒன்று, கவுண்டி நிர்வாகிகளை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பறித்தது. 1898இல் வெள்ளையர் மேலாதிக்கத்தையே முழக்கமாக வைத்து ஜனநாயகக் கட்சி பிரசாரம் செய்தது. அதைத் தலைமை தாங்கி நடத்தியவர் அதே சிம்மன்ஸ். நவம்பர் 10 அன்று, தொகுதிக்கு வெளியே வில்மிங்டன் நகரில் ஆயுதக் கும்பல் புகுந்து கறுப்பினத்தவரைக் கொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைக் கவிழ்த்தது. 1900இல் மாநில அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள்: வாக்களிக்க எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி. 1867 ஜனவரி 1க்கு முன் வாக்குரிமை இருந்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அந்தத் தேதியில் யாருக்கு வாக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒயிட் மறுபடி போட்டியிடவில்லை. 1901 ஜனவரி 29 அன்று சபையில் விடைபெற்றுப் பேசினார். இது அமெரிக்கக் காங்கிரசிடமிருந்து தம் மக்கள் பெறும் தற்காலிக விடை, ஒருநாள் ஃபீனிக்ஸ் பறவைபோல எழுந்து திரும்ப வருவார்கள் என்றார். அவருக்குப் பின் அந்த இடத்தில் உட்கார்ந்தவர், 1878இல் வென்ற கிட்சினின் மகன் கிளாட் கிட்சின். 1923 வரை அவர்தான். வட கரோலினாவிலிருந்து அடுத்த கறுப்பின உறுப்பினர்கள் தேர்வாக 1992 ஆயிற்று.

இனி, தமிழில் என்ன சொல்வது?

சிலர் ஜெரிமாண்டரிங்கையே தொகுதி மறுவரையறை என்று எழுதிவிடுகிறார்கள். இது ஏற்கத்தக்கதல்ல. தமிழ்நாட்டில் தொகுதி மறுவரையறை, இலங்கையில் எல்லை நிர்ணயம் என்று வழங்குபவை சட்டப்படி நடக்கும் ஒரு வேலையின் நடுநிலையான பெயர்கள். குற்றத்தையும் அந்த வேலையையும் ஒரே பெயரால் அழைத்தால், நேர்மையாக வரைந்த எல்லையைக் குறிக்கச் சொல் இருக்காது. 'தொகுதிப் பிரிப்பு' என்பதும் போதாது. 1872இல் நடந்தது பிரிப்பு அல்ல, சேர்ப்பு. 'தொகுதி மோசடி' என்றால் கள்ள ஓட்டு, பெட்டி மாற்றுவது எல்லாம் நினைவுக்கு வரும். ஜெரிமாண்டரில் வாக்குகள் ஒழுங்காக எண்ணப்பட்டாலும் முடிவு கோணலாகும்.

என் தேர்வு 'எல்லைத் திரிப்பு'. திரித்தல் என்றால் முறுக்குதல். கோடு வளைவது அதில் வந்துவிடுகிறது. சொன்னதைத் திரித்தான், கயிறு திரிக்கிறான் என்று நாம் பேசும்போது அதே வினை பொய்யையும் வேண்டுமென்றே செய்வதையும் குறிக்கிறது. உருவமும் உள்நோக்கமும் ஒரே சொல்லில் அமைந்துவிடுகின்றன. உடைத்தல், அடைத்தல் இரண்டுக்கும் பொதுவாகவும் நிற்கும்.

வினையாக, 'தொகுதி எல்லையைத் திரித்தார்கள்' என்று எழுதலாம். பெயரடையாக, 'எல்லை திரிக்கப்பட்ட தொகுதி'. வகையைச் சொல்லவேண்டிய இடத்தில் 'அடைப்புத் திரிப்பு', 'உடைப்புத் திரிப்பு' என்று பிரித்துக்கொள்ளலாம். வரலாறு எழுதும்போது முதல் இடத்தில் மட்டும் ஜெரிமாண்டர் என்ற பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், கெரியின் கதையைத் தேடிப் போகிறவர்களுக்கு வழி கிடைக்கும்.