துப்பாக்கி வைத்திருக்கலாம், படை வைத்திருக்க முடியாது: அமெரிக்க மிலிஷியாக்களும் விசாவில் இருப்பவர்களும்

அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் ஒரே ஒரு வாக்கியம். முன்பாதி 'நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட மிலிஷியா', அதாவது குடிமக்கள் படை, பற்றியது. பின்பாதி ஆயுதம் வைத்திருக்க மக்களுக்குள்ள உரிமை பற்றியது. ராணுவ உடுப்பு மாட்டி, ஏ.ஆர்.-15 துப்பாக்கி தோளில் தொங்க, மாநிலச் சட்டமன்றப் படிக்கட்டில் நிற்பவரைக் கேட்டால் இரண்டு பாதியும் தனக்கே எழுதப்பட்டது என்பார். நீதிமன்றங்கள் அப்படிச் சொல்லவில்லை. 140 ஆண்டுகளாகச் சொல்லவில்லை.

1879இல் சிகாகோ தெருவில் ஹெர்மன் பிரெஸ்ஸர் என்பவர் வாளோடு குதிரையில் முன்னே போக, ஏறக்குறைய 400 பேர் துப்பாக்கிகளுடன் பின்னால் அணிவகுத்தார்கள். ஜெர்மானியத் தொழிலாளர்கள் அமைத்துக்கொண்ட தற்காப்புச் சங்கம் அது. ஆளுநரின் உரிமம் இல்லாமல் படை நடத்தியதாக அவருக்கு 10 டாலர் அபராதம். அந்தப் பத்து டாலர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தனியார் படைகளை மாநிலங்கள் தடை செய்யலாம் என்று 1886இல் தீர்ப்பானது. துப்பாக்கி உரிமை தனிமனிதருக்கும் உண்டு என்று சொல்லி, துப்பாக்கி ஆதரவாளர்கள் கொண்டாடும் 2008ஆம் ஆண்டு ஹெல்லர் தீர்ப்பிலும் இந்தப் பழைய வழக்கு வருகிறது. தனியார் துணைப்படைகளைத் தடை செய்வதை இரண்டாம் திருத்தம் தடுக்காது என்பதை அந்தத் தீர்ப்பும் ஏற்கிறது. இன்று 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இந்தத் தடை உண்டு. சில மாநிலங்களில் அது அரசியல் சட்டத்தில் இருக்கிறது. சிலவற்றில் அனுமதியில்லாத படைப்பயிற்சியே தனிக் குற்றம். வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரம், வெள்ளை இனவாதப் பேரணியில் வெடித்த 2017 கலவரத்துக்குப் பிறகு இந்தச் சட்டங்களை வைத்தே ஆயுதக் குழுக்கள் மீது சிவில் வழக்குப் போட்டு, இனிமேல் ஆயுதத்தோடு கூட்டாக இங்கு வரமாட்டோம் என்ற நீதிமன்ற உத்தரவுகளைப் பெற்றது.

'சட்டப்படி நான் ஏற்கெனவே மிலிஷியாதானே?' என்று ஒரு வாதம் வரும். பாதி உண்மை. 17 முதல் 45 வயது வரையுள்ள, உடல் தகுதியுள்ள ஆண் குடிமக்களையும் குடிமகனாக விருப்பம் தெரிவித்தவர்களையும் ஃபெடரல் சட்டம் மிலிஷியா என்றே குறிக்கிறது. மாநிலங்களின் பகுதிநேர ராணுவமான நேஷனல் கார்டில் இல்லாதவர்கள் 'அமைப்புறாத மிலிஷியா'. ஆனால் அது தேவைப்பட்டால் அழைக்க வேண்டியவர்களின் பட்டியல், அவ்வளவுதான். அழைக்கும் அதிகாரம் அரசுக்கு. தன்னைத் தானே அழைத்துக்கொள்ள அதில் இடமில்லை.

அரசின் மீது மிலிஷியாக்காரர்களுக்கு உள்ள கோபம் வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அதன் வேர் இரண்டு சம்பவங்களில் இருக்கிறது.

1992 ஆகஸ்டில் ஐடஹோ மாநிலத்தின் ரூபி ரிட்ஜ். ராண்டி வீவர் என்பவர், குழல் வெட்டிச் சுருக்கிய இரண்டு துப்பாக்கிகளை அரசின் இன்ஃபார்மரிடம் விற்றார் என்று வழக்கு. வாய்தா பிப்ரவரி 20. அவருக்குப் போன கடிதத்தில் மார்ச் 20 என்று தவறாக இருந்தது. அந்தத் தேதி வருவதற்கு முன்பே, ஆஜராகவில்லை என்று கிராண்ட் ஜூரி குற்றப்பத்திரிகை கொடுத்துவிட்டது. கடைசியில் 11 நாள் முற்றுகை. அவருடைய 14 வயது மகன், மனைவி, டெபுடி மார்ஷல் என்ற ஃபெடரல் அதிகாரி ஒருவர் என மூன்று உயிர்கள் போயின. கொலைக் குற்றச்சாட்டிலிருந்து ஜூரி வீவரை விடுவித்தது. 1995இல் அரசு அந்தக் குடும்பத்துக்கு 31 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதற்குள் டெக்சஸின் வேக்கோ நடந்திருந்தது. பிராஞ்ச் டேவிடியன் என்ற மதக்குழுவின் வளாகத்தில் 51 நாள் முற்றுகை, 1993 ஏப்ரல் 19 அன்று தீ, குழந்தைகள் உள்பட 76 பேர் சாவு. முதல் நாள் மோதலிலேயே நான்கு ஃபெடரல் அதிகாரிகள் இறந்திருந்தார்கள். சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே ஏப்ரல் 19 அன்று, வேக்கோவுக்குப் பழிவாங்க நடத்தப்பட்ட ஓக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்பில் 168 பேர் இறந்தனர்.

ஃபெடரல் அமைப்புகள் இதில் கற்றுக்கொண்டது காத்திருப்பதை. 1996இல் மொன்டானாவில் ஃபெடரல் அரசை ஏற்காத 'ஃப்ரீமென்' குழுவினர் தங்கள் பண்ணையில் 81 நாள் உள்ளேயே இருந்தார்கள். எஃப்.பி.ஐ. வெளியே காத்திருந்தது. உயிர்ச்சேதமின்றி எல்லோரும் சரணடைந்தார்கள். இந்தப் பொறுமையைப் பிற்காலத்தில் பலர் 'துப்பாக்கியைக் காட்டினால் அரசு பின்வாங்கும்' என்று தப்பாகப் படித்தார்கள்.

நெவாடாவின் பங்கர்வில் அதற்கு உதாரணம். அந்த மாநிலத்தின் நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஃபெடரல் அரசுக்குச் சொந்தம். அங்கே மாடு மேய்க்க அனுமதிச் சீட்டும் கட்டணமும் உண்டு. 2014இல் ஒரு பசுவுக்கும் கன்றுக்கும் சேர்த்து மாதம் 1.35 டாலர், தனியார் நிலத்தில் ஆவதோடு ஒப்பிட்டால் அற்பத் தொகை. பாலைவன ஆமையைப் பாதுகாக்க மேய்ச்சலைக் குறைக்கச் சொன்னதும் கிளைவன் பண்டி 1993இல் கட்டணத்தை நிறுத்தினார். 1998இல் மாடுகளை அகற்ற நீதிமன்ற உத்தரவு. அதையும் கண்டுகொள்ளவில்லை. பாக்கி அபராதத்தோடு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. 2014 ஏப்ரலில் அதிகாரிகள் மாடுகளைப் பிடித்துப் பட்டியில் அடைக்க, நாடெங்கும் இருந்து ஆயுதக் குழுக்கள் வந்து இறங்கின. ஏப்ரல் 12 அன்று நெடுஞ்சாலைப் பாலத்தின் தடுப்புச்சுவர் இடுக்குகளில் துப்பாக்கிக் குழல்கள் அதிகாரிகளை நோக்கி நீண்டன. அரசு மாடுகளை விட்டுவிட்டுப் போனது.

இதற்காகப் பண்டி மீதும் அவர் மகன்கள் மீதும் போட்ட வழக்கு 2018 ஜனவரியில் தள்ளுபடியானதுதான் இன்றும் பலர் காட்டும் முன்னுதாரணம். தள்ளுபடிக்குக் காரணம் வேறு. கண்காணிப்பு கேமரா, வீட்டைச் சுற்றி நிறுத்தப்பட்ட ஆயுதமேந்திய அதிகாரிகள், பண்டி குடும்பத்தால் பெரிய ஆபத்தில்லை என்று அரசே எழுதிய மதிப்பீடுகள் ஆகியவற்றை அரசுத் தரப்பு எதிர்த்தரப்பிடம் உரிய காலத்தில் கொடுக்கவில்லை. அதற்காகத்தான் நீதிபதி வழக்கையே முடித்தார். பாலத்தின் மேல் துப்பாக்கியோடு படுத்திருந்தது சட்டப்படி சரி என்று எந்த வரியும் தீர்ப்பில் இல்லை. அங்கே கூடியிருந்து, பின்னர் வெளியேறச் சொல்லப்பட்ட ஒரு தம்பதி, அதே ஆண்டு ஜூனில் லாஸ் வேகாஸில் இரண்டு காவலர்களையும் ஒரு பொதுஜனத்தையும் கொன்றார்கள். அதை யாரும் முன்னுதாரணமாகக் காட்டுவதில்லை.

2016 ஜனவரி 2 அன்று பண்டியின் மகன்கள் ஆரிகானின் மல்ஹூர் வனவிலங்குக் காப்பகத்தைக் கைப்பற்றி, 41 நாள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். தீ வைத்த வழக்கில் மறுபடியும் சிறைக்கு அனுப்பப்பட்ட ஹாமண்ட் என்ற தந்தை, மகனுக்காக என்று சொன்னார்கள். அந்தத் தந்தையும் மகனுமோ, இவர்கள் எங்களுக்காகப் பேசவில்லை என்று வழக்கறிஞர் மூலம் தெரிவித்துவிட்டு, ஜனவரி 4 அன்று தாங்களாகவே போய்ச் சிறையில் ஆஜரானார்கள். ஜனவரி 26 அன்று சாலைத்தடுப்பில் லவாய் ஃபினிகம் என்ற போராட்டக்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்டோபரில் ஏழு பேரை ஜூரி விடுவித்தது. அரசுத் தரப்பு எளிய அத்துமீறல் வழக்காக வைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். ஊழியர்களை மிரட்டி வேலை செய்யவிடாமல் தடுக்கக் கூட்டுச்சதி என்று போட்டதால் ஒவ்வொருவரின் உள்நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு இரண்டாவது விசாரணையில் அரசு அத்துமீறலையும் சேர்த்தது, தண்டனைகள் கிடைத்தன. பலர் அதற்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

குழுக்களில் சேர்பவர்கள் கவனிக்காத இன்னொன்று உண்டு. உள்ளே யார் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. மல்ஹூரில் துப்பாக்கிச் சுடும் பயிற்சியை நடத்தியவரே எஃப்.பி.ஐ. இன்ஃபார்மர் என்பது விசாரணையில்தான் வெளிவந்தது. 2020இல் மிஷிகன் ஆளுநரைக் கடத்தத் திட்டமிட்ட வழக்கிலும் குழுவின் முக்கியப் புள்ளி ஒருவர் இன்ஃபார்மர். அரசே மாட்டிவிட்டது என்ற வாதம் 2022 ஏப்ரல் விசாரணையில் எடுபட்டு இருவர் விடுதலையானார்கள். அதே வாதம் ஆகஸ்டில் எடுபடவில்லை. தலைமை தாங்கிய இருவருக்கு 16 ஆண்டும், 19 ஆண்டு 7 மாதமும் தண்டனை. எனவே 'பொறி வைத்தார்கள்' என்ற வாதத்தை நம்பி யாரும் பொறிக்குள் போகக் கூடாது.

அரசு எல்லை மீறுகிறது என்று நினைப்பவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர் காவல் அதிகாரிகள்தான் சரிபார்க்க வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் வேலை ஏவியபோது, மொன்டானாவின் ஜே பிரின்ட்ஸ், அரிசோனாவின் ரிச்சர்ட் மேக் என்ற இரண்டு ஷெரிஃப்கள் (தேர்தலில் வென்று வரும் உள்ளூர் காவல் தலைவர்கள்) வழக்குப் போட்டு 1997இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். மாநில அதிகாரிகளை ஃபெடரல் அரசு தன் வேலைக்கு ஏவ முடியாது என்ற அந்தத் தீர்ப்பை இன்று இடதும் வலதும் மேற்கோள் காட்டுகின்றன. ஆனால் அதிலிருந்து 'ஷெரிஃப்தான் உச்ச அதிகாரி, எந்தச் சட்டம் செல்லும் என்று அவரே முடிவு செய்வார்' என்று தாவுவது வேறு விஷயம். எந்தத் தீர்ப்பும் அப்படிச் சொல்லவில்லை.

இனி விசாவில் இருப்பவர்களுக்கு. எச்-1பி, எஃப்-1, எல்-1, எச்-4 என எந்தத் தற்காலிக விசாவில் வந்தவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். 2022 முதல் அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. முக்கிய விதிவிலக்கு ஒன்று, அமெரிக்காவில் முறைப்படி எடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். துப்பாக்கியைத் தொடும் நேரத்தில் அது செல்லுபடியாக வேண்டும். பிறகு எடுத்துச் சேர்க்க முடியாது. மாநிலச் சட்டம் தனியாகத் தடுத்தால் இதுவும் உதவாது.

'வைத்திருப்பது' என்றால் விலைக்கு வாங்குவது மட்டுமல்ல. சுடுதளத்தில் அரை மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பதும் அதுதான். நண்பரின் காரில் தோட்டாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவதும் அதுதான். அறைத்தோழர் குடிமகன், துப்பாக்கி அவருடையது, ஆனால் உங்கள் கைக்கு எட்டும் அலமாரியில் இருக்கிறது என்றால் அதையும் உங்கள் மேல் வைக்க வழியுண்டு. பெட்டகத்தில் பூட்டி, அதன் எண் உங்களுக்குத் தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு. கையில் துப்பாக்கியோடு எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டால் வேறு சாட்சி தேவையில்லை. கடையில் நிரப்பும் 4473 படிவம் குடியுரிமையையும் விசா நிலையையும் நேரடியாகக் கேட்கிறது. அதில் பொய் சொல்வது தனிக் குற்றம்.

கிரீன் கார்டு உள்ளவர்கள் துப்பாக்கி வாங்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான எந்தத் தண்டனையும், சிறியதாக இருந்தாலும், நாடு கடத்தக் காரணமாகலாம்.

கையில் எதுவும் இல்லாமல் வேடிக்கை பார்க்கவோ போராடவோ போகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். ஆயுதமற்ற போராட்டங்களுக்காகவே 2025இல் மாணவர் விசாக்கள் ரத்தாகின. ஆயுதக் குழு பக்கத்தில் நின்றால் படம் பிடிக்கும் கேமராவுக்கு நீங்கள் யார் பக்கம் என்று தெரியாது. ஒரே மாதிரி உடுப்பு, சின்னம், கட்டளை கொடுக்கும் ஒருவர், வண்டிகளை நிறுத்தி விசாரிப்பது என்று காவல்துறை வேலையை அவர்கள் கையில் எடுத்தால் அதுதான் சட்டவிரோதப் படையின் அடையாளம். வாக்குவாதம் வேண்டாம், விலகிச் செல்லுங்கள். பொது இடத்திலிருந்து படம் எடுக்க உரிமை உண்டு என்றாலும் தூரத்திலிருந்து எடுங்கள். நேரம், இடம், எத்தனை பேர், என்ன சின்னம், எந்தக் கட்டளை என்று குறித்துக்கொள்ளுங்கள். யாரையாவது தடுத்து நிறுத்தினால், துப்பாக்கி நீட்டினால் 911ஐ அழையுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே அனுப்பாதீர்கள். 2024 அக்டோபரில் ஹெலீன் புயலுக்குப் பின் வட கரோலினாவில் நிவாரண ஊழியர்களை வேட்டையாட லாரி லாரியாக மிலிஷியா வருகிறது என்று செய்தி பரவி, வீடு வீடாகப் போகும் பணி சில இடங்களில் நின்றது. ஷெரிஃப் விசாரித்ததில் கைதானவர் ஒருவர், தனியாக வந்தவர்.

குடியுரிமைக்கான என்-400 படிவத்திலும், கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவத்திலும், எப்போதாவது துணைப்படை, தற்காப்புக் குழு, மிலிஷியா போன்றவற்றில் இருந்தீர்களா, ஆயுதப் பயிற்சி பெற்றீர்களா என்று கேட்பார்கள். ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் நன்றாகத் தெரியும். வார இறுதியில் அலுவலக நண்பர் கூப்பிட்ட 'பேரிடர் தயார்நிலை முகாம்' துப்பாக்கியோடு அணிவகுத்துப் பழகும் முகாமாக இருந்தால் அந்தக் கேள்வி உங்களையும் தொடும். ஆம் என்று சொன்னால் விளக்கம் கேட்பார்கள், வழக்கறிஞரோடு போய் விளக்கலாம். இல்லை என்று பொய் சொல்லி, பிறகு படமோ உறுப்பினர் பட்டியலோ வெளிவந்தால், அந்தப் பொய்யே வழக்கு.

2025 ஜனவரியில் கேபிடல் தாக்குதல் வழக்குகளில் சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு கிடைத்தது. 18 ஆண்டுத் தண்டனையில் இருந்த ஓத் கீப்பர்ஸ் என்ற மிலிஷியாக் குழுவின் தலைவரும் வெளியே வந்தார். அதைப் பார்த்து யாரும் கணக்குப் போட வேண்டாம். குடியேற்றச் சட்டம் சில குற்றங்களுக்கு அதிபரோ ஆளுநரோ தரும் முழு மன்னிப்பை ஏற்று நாடு கடத்தலை நிறுத்துகிறது. அந்தப் பட்டியலில் துப்பாக்கிக் குற்றம் இல்லை.