14 பைட்டும் ஒரு சி நூலகமும்: பைத்தான் தரவுத்தள டிரைவர் இயங்கும் விதம்

பைத்தானிலிருந்து போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை அணுகப் பலரும் பயன்படுத்தும் திறமூல டிரைவர் சைக்கோபிஜி2. “செலக்ட் 1” என்ற குவெரியை, அதாவது தரவுத்தளத்துக்கான கட்டளையை, அதன் வழியே அனுப்பினால் சர்வருக்குப் போவது 14 பைட்டு. செய்தியின் வகையைச் சொல்லும் ‘கியூ’ எழுத்துக்கு 1, நீளத்துக்கு 4, ஆங்கிலத்தில் எழுதிய குவெரிக்கு இடைவெளியோடு 8, முடிவைக் காட்டும் பூஜ்ஜியத்துக்கு 1. நீளம் என்று பதிவாவது 13தான். வகை எழுத்து அந்தக் கணக்கில் சேராது.

பதிலில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு வகை எண் வரும். 23 என்றால் முழு எண், 1700 என்றால் துல்லியமான தசம எண். மதிப்புகள் வெறும் எழுத்தாகவே வருகின்றன. வகை எண்ணைப் பார்த்து அவற்றைப் பைத்தான் பொருள்களாக மாற்றுவது டிரைவரின் வேலை. பணத்தொகை மிதவை எண்ணாகிச் சில்லறை பிசகாமல் இருப்பது இதனால்தான்.

குவெரியில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் எஸ் எழுத்தும் போட வேண்டும். அதைச் சுற்றி மேற்கோள் குறி போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மேற்கோளை டிரைவரே போடுகிறது; நீங்களும் போட்டால் அது இரட்டிப்பாகிக் குவெரி உடையும். இன்னொன்று, முதல் குவெரிக்கு முன்பே டிரைவர் பரிவர்த்தனையை, அதாவது ஒன்றாகவே நிலைக்கும் அல்லது ஒன்றாகவே ரத்தாகும் கட்டளைத் தொகுதியை, தொடங்கிவிடும். கமிட் செய்யாமல், அதாவது மாற்றங்களை உறுதிப்படுத்தாமல், இணைப்பை மூடினால் எழுதியது எதுவும் நிற்காது. மூடாமலே விட்டால் பூட்டுகள் விடுபடாமல் மற்றவர்கள் காத்துக் கிடப்பார்கள்.

இனி, இந்த டிரைவரைப் பகிர்வதில் உள்ள உண்மையான சிக்கல். மேலே சொன்ன பைட்டுகளைக் கோப்பது பைத்தான் அல்ல, லிப்பிகியூ என்ற சி நூலகம். ஆகவே மூலநிரலைக் கொடுத்தால் மட்டும் போதாது. வாங்குபவரின் கணினியில் அதைத் தொகுக்கவும், அதாவது இயங்கும் வடிவமாக மாற்றவும், முடிய வேண்டும். டெபியன் லினக்ஸில் ஜிசிசி என்ற சி தொகுப்பி, பைத்தான்3-டெவ், லிப்பிகியூ-டெவ் மூன்றும் தேவை. லிப்பிகியூ இருக்கும் இடத்தைச் சொல்லும் பிஜி_கான்ஃபிக் கருவி கிடைக்கவில்லை என்று நிறுவல் நின்றால், பெரும்பாலும் மூன்றாவது பொதிதான் இல்லை.

இந்தத் தொல்லையைத் தவிர்க்க 2.7 பதிப்பிலிருந்து தொகுத்துமுடித்த ‘வீல்’ பொதிகளும் வெளியாயின. அவற்றுக்குள் லிப்பிகியூவும், குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகமும் சேர்ந்தே இருந்தன. பைத்தானோ தன் எஸ்எஸ்எல் தொகுதிக்காக இயங்குதளத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல்லை ஏற்றியிருக்கும். ஒரே நிரலுக்குள் அதே நூலகத்தின் இரு பிரதிகள். நிரலுக்குள் இணையாக ஓடும் பல இழைகள் ஒரே நேரத்தில் இயங்கும்போது இவை மோதி, பிழைச்செய்திகூட இல்லாமல் நிரல் செத்து விழுந்தது. பிழை வெளிப்படும் இடமும் காரணமும் வெவ்வேறு என்பதால் இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

பராமரிப்பாளர்கள் எடுத்த முடிவு சரியானது என்றே சொல்வோம்: 2.7.4 பதிப்பில் பெயரையே பிரித்தார்கள். 2.8 முதல் சைக்கோபிஜி2 என்று கேட்டால், விண்டோஸ் தவிர்த்து, மூலநிரல் வரும். சைக்கோபிஜி2-பைனரி என்று கேட்டால் தொகுத்தது வரும். கற்கவும் சோதிக்கவும் பைனரி போதும்; உற்பத்திச் சர்வரில் மூலநிரலிலிருந்து தொகுப்பதே நல்லது. அப்படித் தொகுத்தால், இயங்குதளம் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பாதுகாப்புத் திருத்தத்தை நிறுவும்போது டிரைவருக்கும் அது கிடைக்கும். வீலுக்குள் அடைபட்ட பிரதிக்கு அடுத்த வெளியீடு வரும்வரை கிடைக்காது.

இந்த டிரைவரை நம்பி நீங்கள் ஒரு நூலகம் எழுதி வெளியிடுவதானால், சார்புப் பட்டியலில் பைனரி பெயரை எழுதாதீர்கள். எழுதினால், தானே தொகுப்பதா, தொகுத்ததை எடுப்பதா என்று முடிவெடுக்கும் உரிமை உங்கள் பயனரிடமிருந்து போய்விடும்.