ஆறினால் ஓடும், சூட்டில் மக்கர்: பழைய காரின் ஸ்டார்ட்டிங் தொல்லை

பெங்களூரு அல்சூர் பக்கம் உள்ள மெக்கானிக் ஷெட்டுகளில் பழைய பெட்ரோல் காரைக் கொண்டுபோய் விட்டால், தமிழிலேயே முதல் கேள்வி வரும்: "எப்ப சார் மக்கர் பண்ணுது?" நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில், "எப்பவாவது ஒரு தடவைதாம்பா." இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, ஓடி நிறுத்தி அரை மணி கழித்தா, மழை பெய்த மறுநாளா என்று பிரித்துச் சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பெட்ரோல் இஞ்சின் உயிர் பெற அதிகம் தேவையில்லை. செல்ஃப் மோட்டார் அதை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று வேகத்தில் சுழற்ற வேண்டும். சரியான அளவு பெட்ரோல் காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் போக வேண்டும், சரியான நேரத்தில் பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் சக்தி) போன வண்டி எப்போதுமே தகராறு செய்யும் என்பதால் இப்போதைக்கு அதை விட்டுவிடலாம். சில நேரம் மட்டும் அடம்பிடிக்கும் வண்டியில் இவற்றில் ஏதோ ஒன்று நூலிழையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, அல்லது வழக்கமான வேகத்தில் சுற்றியும் இஞ்சின் பிடிக்கவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய்.

இழுத்துச் சுற்றினால் எல்லோரும் பேட்டரியைத்தான் திட்டுவார்கள். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி, வண்டி ஓய்வில் நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும். அது சரியாகவே இருந்து, செல்ஃபும் இழுத்தால் எர்த் வயரைப் பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இஞ்சினுக்கும் போகும் தடித்த வயர் அது. சின்ன காரின் செல்ஃப்கூட 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். வயர் முனையில் துரு ஏறி வெறும் 0.02 ஓம் தடை வந்தாலே, 150 ஆம்பியரில் 3 வோல்ட் அங்கேயே காலி. மிச்சம்தான் செல்ஃபுக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், மல்டிமீட்டரை வைத்து வயர் அறுந்திருக்கிறதா என்று பார்த்தால் 'நல்லா இருக்கு' என்று பீப் அடிக்கும். மீட்டர் அனுப்பும் துளி மின்சாரத்துக்கு ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் போதும். எனவே மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இஞ்சின் உலோகத்திலும் தொட்டுக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் அங்கேதான். டெர்மினலைச் சுரண்டி இறுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். செலவு ஒரு உப்புத்தாள்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டிதான் படுத்தி எடுக்கும். அதிலும் சூட்டில் வரும் தகராறு தனி ரகம். சென்னையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஏறி வருகிறீர்கள். ஓசூரில் காபிக்கு நிறுத்துகிறீர்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் வண்டி பிடிக்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் கிளம்பியிருந்தால் பிடித்திருக்கும். மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து வந்திருந்தாலும் பிடித்திருக்கும். இடைப்பட்ட நேரத்தில் மட்டும் ஏன்?

இஞ்சின் ஓடும்போது வாட்டர் பம்ப் தண்ணீரைச் சுழற்றுகிறது, முன்னாலிருந்து காற்றும் அடிக்கிறது. அணைத்ததும் இரண்டும் நின்றுவிடும். சில நூறு டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (புகை வெளியேறும் குழாய்), சூடான சிலிண்டர் ஹெட்டும் தங்கள் சூட்டை பானெட்டுக்குள் இருக்கும் எல்லாவற்றின் மீதும் இறக்கும். அதனால் பெட்ரோல் குழாய், சென்சார், வயரிங் எல்லாம் வண்டி ஓடும்போது இருந்ததைவிட, நின்ற பிறகுதான் அதிகம் சூடாகின்றன. இருபது முப்பது நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கும்.

இந்தச் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகலாம். இஞ்செக்‌ஷன் வண்டிகளில் பல 3 பார் அளவு (காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்கு) அழுத்தத்தில் பெட்ரோலை வைத்திருப்பதால் அது சுலபத்தில் கொதிக்காது. ஆனால் டேங்கில் இருக்கும் பம்பின் செக் வால்வு (பெட்ரோல் திரும்பி வராமல் தடுப்பது) தேய்ந்துபோனால், அணைத்த சில நிமிடங்களில் அழுத்தம் இறங்கி, குழாயில் குமிழி கட்டும். பழைய கார்புரேட்டர் வண்டியில் பம்ப் இஞ்சின் பக்கத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுப்பதால் நிலைமை இன்னும் மோசம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. அழுத்தமில்லாத பெட்ரோல் இங்கே கொஞ்சம் முன்னதாகவே ஆவியாகும்.

இதைக் கண்டுபிடிக்கப் பைசா செலவில்லை. செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் நிலையில் மட்டும் வையுங்கள். பின் சீட் பக்கம் பம்ப் இரண்டு வினாடி 'ம்ம்' என்று முனகி நிற்கும். ஆஃப் செய்து, இன்னும் இரண்டு மூன்று தடவை இதையே செய்யுங்கள். அதன் பிறகு வண்டி சட்டென்று பிடித்தால், அழுத்தம் எங்கோ கசிகிறது. முனகலே கேட்கவில்லையென்றால் பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயைப் பாருங்கள். பழைய ரிலேக்களின் சால்டரில் முடி போன்ற விரிசல் விழுந்து, சூட்டில் விலகுவது அடிக்கடி நடப்பதுதான். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் கரும்புகையோடு பிடிக்கிறதா? பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டர் ஒழுகி ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது. முழுக்க மிதித்தால் பல வண்டிகளில் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தி, காற்றை மட்டும் விட்டு சிலிண்டரைக் காயவைக்கும்.

என் சந்தேகப் பட்டியலில் முதல் இடம் கிராங்க் சென்சாருக்குத்தான். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதுதான். பல பழைய கார்களில் இது ஒரு காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடி மெல்லிய செம்புக் கம்பியும், அவ்வளவே. எதிரில் ஒரு பல்சக்கரம் சுழலும். பல கார்களில் அதில் 60 பல்லுக்கு இடமிருந்தாலும் 58 பல்தான் இருக்கும். விட்டுப்போன இடம் கடக்கும்போது கம்ப்யூட்டர் நிலையைத் தெரிந்துகொள்ளும். சைக்கிள் டைனமோ விளக்கு மெதுவாக மிதித்தால் மங்குமே, அதே கதைதான் இங்கேயும்: சுற்று குறைந்தால் சிக்னலும் குறையும். ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 800 சுற்றில் கிடைப்பதில் கால் பங்குதான் செல்ஃப் சுற்றும் 200இல் கிடைக்கும்.

செம்பு சூடானால் மின்தடை கூடும். 80 டிகிரி ஏறினால் சுமார் 30 சதவீதம். அதைக் கம்ப்யூட்டர் பொறுத்துக்கொள்ளும். ஆனால் வயதான சென்சாரின் செம்புக் கம்பிச் சுருளில் கண்ணுக்குத் தெரியாத முறிவு இருந்தால், சூட்டில் பிளாஸ்டிக் விரிந்து இரு முனைகளையும் பிரிக்கும். ஆறியதும் முனைகள் மறுபடி தொட்டுக்கொள்ளும், வண்டியும் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். சுருளுக்குள் சில கம்பிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சிக்னல் பலவீனமாகும். ஓடும் இஞ்சினுக்கு அது போதும், ஸ்டார்ட் செய்யத்தான் போதாது. பேட்டரியும் சோர்ந்து 200 சுற்று 150 ஆகிவிட்டால் கேட்கவே வேண்டாம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 'பரவாயில்லை' ரகம். சேரும்போது வண்டி நடுத்தெருவில் நிற்கும்.

செல்ஃப் அடிக்கும்போது டாஷ்போர்டில் இஞ்சின் சுற்று காட்டும் முள் கொஞ்சமாவது துடிக்கிறதா பாருங்கள். பல கார்களில், அது செத்துக் கிடந்தால் கிராங்க் சிக்னல் வரவில்லை. அப்போது சென்சார் மீது ஈரத்துணியைச் சுற்றி ஆறவைத்து, உடனே வண்டி பிடித்தால் சந்தேகம் ஊர்ஜிதம். எக்ஸாஸ்ட் பக்கத்தில் கை வைக்கும்போது மட்டும் ஜாக்கிரதை.

ஜனவரிக் காலையில், 15 டிகிரி குளிரில் மட்டும் வரும் தகராறுக்கு வேறு ஆள் பொறுப்பு. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாததால் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்ற வேண்டும். இஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று அதற்குச் சொல்வது கூலன்ட் சென்சார். அது பொய் சொன்னால் பெட்ரோல் போதாது. மழைக்கால ஈரத்தில் மட்டும் வந்தால் பிளக் வயர்களை இருட்டில் பாருங்கள், நீலப் பொறி ஊர்வது தெரியும்.

பெங்களூரில் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போய் ஒவ்வொரு பார்ட்டாக வாங்கி மாற்றிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத வைத்தியம். காசு போவதைவிட அதில் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. நடுவழியில் நின்ற வண்டிக்குப் புது இக்னிஷன் காயில் (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தருவது) வாங்கி வந்து மாட்ட ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் இஞ்சின் ஆறிவிடும். காயிலே மாற்றாவிட்டாலும் அப்போது பிடித்திருக்கும், ஆனால் பாராட்டு காயிலுக்குப் போகும். அடுத்த வாரம் மறுபடி நிற்கும்.

அதனால் ஷெட்டில் செய்யச் சொல்ல வேண்டியது இதுதான்: வண்டியை அரை மணி ஓட்டி நன்றாகச் சூடேற்றி, பானெட்டைத் திறக்காமல் இருபத்தைந்து நிமிடம் நிறுத்தி, பிறகு மீட்டரை மாட்டிக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். பார்ட் மாற்றிய பிறகும் இதே சோதனையை, இதே இருபத்தைந்து நிமிடத்தோடு, இரண்டு மூன்று தடவை செய்து பார்த்துவிட்டு பில்லைக் கட்டுங்கள்.