சக்கரம் தரையைத் தொட்டதும் எழுந்துகொள்பவர்களுக்கு

விமானம் இறங்கி இன்னும் ரன்வேயை விட்டே திரும்பியிருக்காது. அதற்குள் ‘டக், டக்’ என்று சீட் பெல்ட்டுகள் கழலும் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். விமானப் பணியாளரான நான், பின்கதவு ஓரத்தில் எங்களுக்கென்று இருக்கும் ஜம்ப் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பேன். வண்டி ஓடும்போது நானும் எழக்கூடாது, மைக்கில்தான் சொல்ல முடியும். சொல்வேன். நாலு பேர் உட்காருவார்கள், ஆறு பேர் எழுவார்கள்.

திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பறக்கும் கேபின் க்ரூ வேலையில் பதினோரு வருடம் ஓடிவிட்டது. ஒருமுறை இப்படித்தான் ஒருவர் எழுந்து, மேலே இருந்த டிராலி பையைப் பாதி இழுத்திருந்தார். குறுக்கே ஏதோ வண்டி வந்ததோ என்னவோ, பைலட் பிரேக் போட்டார். பை விழுந்தது அவர் தலையில் இல்லை. நடைபாதை ஓர சீட்டில் ஒழுங்காக பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் நெற்றியில். இரண்டு தையல். பைக்காரர் “ஸாரி” என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக இறங்கிப் போனார். அரை மணி நேரம் கழித்து அவரை நான் எங்கே பார்த்தேன் தெரியுமா? லக்கேஜ் பெல்ட் பக்கத்தில், பெட்டிக்குக் காத்துக்கொண்டு!

பை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் போயிங் 777 விமானம் இறங்கும்போது ரன்வேயில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே 300 பேர். புகை சூழ்ந்த கேபினுக்குள் பலர் மேலே இருக்கும் பையை எடுக்க முண்டியடித்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 300 பேரும் பிழைத்தார்கள். ஆனால் விமானம் நின்று ஒன்பது நிமிடம் போல ஆனபோது எரிபொருள் டேங்க் வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எரிந்தபோது 379 பேர் இருந்தார்கள். பெரும்பாலும் வெறுங்கையோடு சறுக்கி இறங்கினார்கள், எல்லோரும் உயிரோடு வந்தார்கள். பாதிக் கதவுகள் திறக்காவிட்டாலும் 90 விநாடியில் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்தால்தான் ஒரு விமான மாடலுக்கே அனுமதி கிடைக்கும். அந்தக் கணக்கில் உங்கள் லேப்டாப் பைக்கு இடமில்லை. அதன் ஓரம் பட்டு, அவசரத்தில் கதவிலிருந்து விரியும் சறுக்குப்பாதை கிழிந்தால், அந்தக் கதவு அத்தோடு யாருக்கும் உதவாது.

இதில் எங்கள் தப்பும் உண்டு. அறிவிப்பை ஒப்பிக்கிறோமே தவிர, காரணத்தைச் சொல்வதில்லை. ஜன்னல் மூடியைத் திறக்கச் சொல்வது வெளியே தீயோ புகையோ இருந்தால் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. இரவில் விளக்கை மங்கவைப்பது, திடீரென இருட்டில் இறங்க நேர்ந்தால் கண் பழகியிருக்கட்டும் என்றுதான். சீட்டை நிமிர்த்தச் சொல்வது உங்களுக்காக மட்டும் இல்லை, பின்வரிசைக்காரர் வெளியே வர வழி வேண்டுமே! இதைச் சொன்னால் “ஓ, அப்படியா” என்று உடனே நிமிர்த்துகிறவர்கள்தான் அதிகம்.

முதல்முறை விமானம் ஏறுகிறவர்களைத்தான் எல்லோரும் கிண்டலடிக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறு. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மகள் பிரசவத்துக்கு சிங்கப்பூர் போன ஓர் ஆத்தா, கழிவறைக் கதவை எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் பத்து நிமிடம் நின்றிருக்கிறார். “நீங்க வேலையா இருந்தீங்க கண்ணு, அதான் கூப்பிடலை” என்றார். நடுவில் மடங்கும் அந்தக் கதவு படித்தவர்களையும் திணறடிக்கும். அதே விமானத்தில், மாதம் இரண்டு தடவை பறக்கும் ஒருவர் என்னைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். தெரியாமல் செய்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். தெரிந்தே செய்கிறவரை என்ன செய்வது?

கழிவறை பற்றி இரண்டே விஷயம். அந்தத் தரையில் கிடக்கும் ஈரம் தண்ணீர் இல்லை, செருப்பில்லாமல் போகாதீர்கள். அப்புறம் சிகரெட். புகைக்கக்கூடாது என்று எழுதிவிட்டுக் கதவருகே சாம்பல் கிண்ணம் வைத்திருக்கிறார்களே என்று கேட்பார்கள். யாராவது திருட்டுத்தனமாகப் பற்றவைத்துவிட்டால், காகிதக் குப்பைத்தொட்டியில் போடாமல் அதிலாவது அணைக்கட்டும் என்றுதான். 1973-ல் பாரிஸ் அருகே வாரிக் நிறுவன விமானத்தின் பின்பக்கக் கழிவறையில் பிடித்த தீயில் 123 பேர் செத்துப்போனார்கள்.

குடியைப் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. நான் “போதும் சார்” என்றால், அது கஞ்சத்தனம் இல்லை. 2017 முதல் நம் நாட்டில் தகராறு செய்யும் பயணிகளுக்குப் பறக்கத் தடை விதிகள் இருக்கின்றன. வாய்த்தகராறுக்கு மூன்று மாதம் வரை, கை வைத்தால் ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் குறைந்தது இரண்டு ஆண்டு. இடுப்பில் கை பட்டது “தெரியாமத்தான்” என்பவர்களும் இதைப் படிக்கட்டும்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். சீட்டைச் சாய்க்கும் முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், பின்னால் ஒருவர் கையில் சூடான டீ இருக்கும். நடு சீட்டில் மாட்டிக்கொண்டவருக்கு ஜன்னலும் இல்லை, நடைபாதையும் இல்லை, கை வைக்கும் கட்டை இரண்டையும் அவருக்கு விட்டுக்கொடுங்கள். ரீல்ஸ் பார்க்க இயர்போன் போடுங்கள். குழந்தை அழுதால் தாயை முறைக்காதீர்கள். இறங்கும்போது அதன் காது வலிக்கிறது, அதற்கு வேறெப்படிச் சொல்லத் தெரியும்?

தலைக்கு மேலே இருக்கும் அழைப்பு மணியைச் சிலர் விளையாட்டு சாமான் மாதிரி அழுத்துகிறார்கள். 180 பேருக்கு நாங்கள் நாலு பேர். ஆனால் போனோ பவர் பேங்கோ சீட் இடுக்கில் விழுந்துவிட்டால், நீங்களே சீட்டை முன்னும் பின்னும் ஆட்டித் தேடாதீர்கள். உள்ளே நசுங்கினால் லித்தியம் பேட்டரி அங்கேயே பற்றிக்கொள்ளும். சீட்டை அசைக்காமல் மணியை அழுத்துங்கள், சாப்பாட்டு வண்டியை நடுவழியில் விட்டுவிட்டுக்கூட ஓடி வருவோம்.