பன்னிரண்டாவது மின்னஞ்சல்

டெக்சஸில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அத்லெட்டிக் ட்ரெய்னராக வேலை பார்க்கிறேன். நம் ஊர்க்காரர்களிடம் சொன்னால், "ஜிம்மிலயா?" என்று கேட்பார்கள். ஜிம் இல்லை. மைதானத்தில் யாராவது விழுந்தால் பையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடும் ஆள் நான்தான். கணுக்காலுக்குக் கட்டுப்போடுவது, தோள்பட்டை விலகியிருக்கிறதா என்று பார்ப்பது, தலையில் அடிபட்ட பிள்ளையை ஆட்டத்திலிருந்து வெளியே கொண்டுவருவது எல்லாம் என் வேலை. கோச்சுக்கும் டாக்டருக்கும் பெற்றோருக்கும் நடுவில் நிற்கிற வேலை.

சில வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி மாத மதியம். பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சி தொடங்கப்போகிற நேரம். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மாணவிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வைத்திருந்த கோச்சின் போன் அதிர்ந்தது. திரையில் ஒரு தமிழ்ப் பெயர். கோச் அதைப் பார்த்தார், போனைக் கவிழ்த்து வைத்தார். "ஆட்ட நேரம் பற்றித்தான் இருக்கும்," என்றார்.

அந்த அப்பாவை எனக்கும் தெரியும். மகளுக்குப் பதினைந்து வயது. நன்றாக ஓடுவாள், ஆனால் அந்த சீசனில் பாதி ஆட்டங்களில் பெஞ்சில்தான் இருந்தாள். அப்பா ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கோச்சுக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதுவார். எத்தனை நிமிடம் ஆடினாள், அவளுக்குப் பதிலாக இறங்கிய பெண் எத்தனை முறை பந்தை விட்டாள் என்று கணக்கோடு எழுதுவார். அன்போடுதான் எழுதினார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சற்று நேரத்தில் அந்தப் பெண் மைதானத்துக்கு வந்தாள். குளிர்கால வெயில், அத்தனை கூச்சம் தரும் வெளிச்சம் இல்லை. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓரமாகவே நின்றாள். கூப்பிட்டேன். நேற்றைய ஆட்டத்தில் தலையோடு தலை மோதியதாகவும், உடனே எழுந்து ஆடிவிட்டதாகவும் சொன்னாள். அந்த நேரத்தில் நான் மறுபக்கம் வேறொரு பெண்ணின் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோதலைப் பார்க்கவில்லை. மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். "டிசம்பர், நவம்பர், செப்டம்பர்..." என்றாள். நிறுத்தினாள். மறுபடி டிசம்பரிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் அக்டோபர் வரவில்லை.

அம்மாவுக்கு போன் செய்தேன். "ராத்திரி ரெண்டு தடவை வாந்தி எடுத்தா தம்பி. அவர் கோச்சுக்கு மெயில் போட்டாரே, யாரும் பார்க்கலையா?" என்றார்.

பார்க்கவில்லை. பிறகு கோச் அந்த மின்னஞ்சலைத் திறந்து என்னிடம் காட்டினார். முகம் வெளிறியிருந்தது. அப்பா பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதி அனுப்பியிருந்தார். அதனால் தலைப்பில் 'ஆட்ட நேரம் குறித்து' என்றே இருந்தது. அந்த வரிசையில் அது பன்னிரண்டாவது. முதல் பதினொன்றையும் படித்துச் சலித்தவர், இதைத் திறக்கவே இல்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது லபக் நகரத்தில் 2009 டிசம்பரில் நடந்ததை. டெக்சஸில் விளையாட்டோடு சம்பந்தப்பட்ட யாருக்கும் அந்தக் கதை தெரியும். நம் பெற்றோர்களுக்குத்தான் தெரியாது.

மைக் லீச், லபக்கில் உள்ள டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு அப்போது தலைமைப் பயிற்சியாளர். கல்லூரியில் ஃபுட்பால் ஆடாதவர், சட்டம் படித்தவர். பந்தை ஓயாமல் எறிந்தே ஆடும் 'ஏர் ரெய்ட்' முறையால் பெயர் வாங்கியவர். 2000 முதல் பத்து சீசன்களில் 84 வெற்றி, 43 தோல்வி. 2008 நவம்பரில், நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த டெக்சஸ் பல்கலைக்கழக அணியை ஆட்டம் முடிய ஒரு வினாடி இருக்கையில் 39-33 என்று அவருடைய அணி வீழ்த்தியது. பருத்தி விளையும் அந்தச் சமவெளி ஊரில் அவருக்கு இருந்த மரியாதையைச் சொல்ல வேண்டியதில்லை.

அணியில் ஒரு மாணவர். அவருடைய தந்தை கிரெய்க் ஜேம்ஸ், முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர், அப்போது ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் வர்ணனையாளர். மாணவரின் பெயர் செய்திகளில் எல்லாம் வந்தது, ஆனால் நான் எழுதப்போவதில்லை. அடிபட்ட பிள்ளையின் பெயரை எழுதாமல் இருந்து பழகிவிட்டது.

டிசம்பர் 16-ஆம் தேதி பயிற்சியில் அந்த மாணவருக்குக் கன்கஷன், அதாவது மூளை அதிர்வுக் காயம். மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு மைதானத்துக்கு வந்தார். பயிற்சியாளருக்கு எரிச்சல். அவரை இருட்டான இடத்தில் வைக்கும்படி சொன்னார். சாமான்கள் வைக்கும் ஒரு கொட்டகையில் பயிற்சி முடியும்வரை நிற்க வைக்கப்பட்டார். 19-ஆம் தேதி மறுபடியும், இந்த முறை ஸ்டேடியத்தின் செய்தியாளர் அறைப் பக்கம். அன்றே தந்தை பல்கலைக்கழகத்திடம் புகார் செய்தார். 28-ஆம் தேதி லீச் இடைநீக்கம். மாணவரிடம் நடந்துகொண்டது குறித்த கடிதத்தில் அவர் கையெழுத்திட மறுத்தார். 30-ஆம் தேதி, இடைநீக்கத்துக்குத் தடை கேட்டு நீதிமன்றத்தில் விசாரணை தொடங்க இருந்த நேரத்தில், பணிநீக்கக் கடிதம் அவருடைய வழக்கறிஞரின் கைக்கு வந்தது. ஒப்பந்தப்படி 31-ஆம் தேதி அவருக்கு 8 லட்சம் டாலர் சேர வேண்டியிருந்தது.

ஊர் இரண்டுபட்டது. பயிற்சியாளர் பக்கம் நின்றவர்கள் சொன்னது: அந்தத் தந்தை மகனுக்கு ஆட்ட நேரம் கேட்டு உதவிப் பயிற்சியாளர்களைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தார், தொலைக்காட்சிச் செல்வாக்கு இருப்பதால் பழிவாங்கிவிட்டார். தந்தையின் பக்கம் நின்றவர்கள் சொன்னது: மூளையில் அடிபட்டவனை இருட்டறையில் தனியாக நிறுத்துவது தண்டனை, எந்தத் தகப்பன் பொறுப்பான்? அணியின் மருத்துவர், தனக்குச் சொல்லப்பட்ட தகவலின்படி மாணவருக்குக் கூடுதல் பாதிப்பு ஏற்படவில்லை என்றார். பல்கலைக்கழகம் கீழ்ப்படியாமை என்று காரணம் சொன்னது. அந்த வருடத் தொடக்கத்திலேயே ஒப்பந்தம் விஷயமாகப் பயிற்சியாளருக்கும் நிர்வாகத்துக்கும் கடும் இழுபறி இருந்தது. புகாரே இல்லாமலும் இந்த முறிவு வந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. லீச் வழக்குப் போட்டார். அரசுப் பல்கலைக்கழகத்தின்மீது அதன் சம்மதமின்றி நஷ்டஈடு கேட்டு வழக்காட முடியாது என்ற சட்டவிலக்கு குறுக்கே நின்றது. 2012-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. அதே வருடம் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகத் தொடர்ந்தார், பிறகு மிசிசிப்பி ஸ்டேட். 2022 டிசம்பரில், 61 வயதில் காலமானார்.

யார் சரி என்று எல்லோரும் கேட்பார்கள். என் கண் போவது வேறோர் ஆளிடம். அணியில் என்னைப் போல ஒரு ட்ரெய்னர் இருந்தார். அந்த நடத்துமுறையில் தனக்கு உடன்பாடு இல்லை என்று பிறகு வாக்குமூலம் கொடுத்தார். ஆனால் தலைமைப் பயிற்சியாளர் சொன்னபோது மாணவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனவர்களில் அவரும் ஒருவர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எட்டாயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கோச்சிடம் "இவளை இறக்கக் கூடாது" என்று சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கன்கஷன் வெளியே தெரியாத காயம். பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்பாது. சிடி ஸ்கேன் எடுத்தாலும் சுத்தமாக வரும், ஏனென்றால் அதில் தெரிவது இரத்தக்கசிவும் எலும்பு முறிவும்தான். அடிபட்ட மூளையின் வேலைதான் தடுமாறுகிறது. தலைவலி, வெளிச்சம் பிடிக்காமை, குமட்டல், எரிச்சல், தூக்கம் கெடுவது, ஹோம்வொர்க்கில் ஒரு பத்தியை மூன்று தடவை படிப்பது. அந்த மாணவர் கறுப்புக் கண்ணாடி போட்டு வந்ததைத் திமிர் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். என் கண்ணுக்கு அது அறிகுறி. முதல் ஓரிரு நாள் ஓய்வு வேண்டும், போன் திரையையும் குறைக்க வேண்டும், வெளிச்சம் கூசினால் மங்கலான அறையில் படுக்க வைக்கலாம். ஆனால் அது படுக்கவும், யாராவது அவ்வப்போது எட்டிப் பார்க்கவும். மணிக்கணக்கில் நிற்க வைப்பதில் சிகிச்சை எதுவும் இல்லை. நாள்கணக்கில் இருட்டறையில் அடைத்துவைப்பதையும் இப்போது யாரும் சொல்வதில்லை. ஓரிரு நாள் கழித்து மெதுவாக நடக்கச் சொல்கிறோம்.

வாந்தி நிற்காமல் தொடர்ந்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், பேச்சு குழறினால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், எழுப்பினால் எழவில்லை என்றால், யாருக்கும் மின்னஞ்சல் எழுத வேண்டாம். 911.

முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுவதுதான் எங்களுக்குப் பெரிய பயம். வளரும் பிள்ளைகளுக்கு அரிதாக மூளை வேகமாக வீங்கி உயிரே போகலாம். வாஷிங்டன் மாநிலத்தில் 2006-இல் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் அடிபட்டபின் அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கி, வாழ்நாள் முழுவதும் தொடரும் பாதிப்புக்கு உள்ளானான். அவன் பெயரால் 2009 மே மாதம் அங்கே வந்த லிஸ்டெட் சட்டம்தான், கன்கஷன் சந்தேகம் என்றாலே பிள்ளையை அன்று வெளியே எடுக்க வேண்டும் என்று சொன்ன முதல் மாநிலச் சட்டம். லபக்கில் கொட்டகைக் கதை நடந்தது அதே வருடக் கடைசியில். 2011-இல் டெக்சஸிலும் பள்ளிகளுக்குச் சட்டம் வந்தது.

நம் பெற்றோர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். மகனோ மகளோ எத்தனை நிமிடம் ஆடுகிறார்கள், எந்த இடத்தில் நிற்கிறார்கள், அவர்களுக்குப் பதில் யார் இறங்குகிறார்கள் என்பதைக் கோச்சிடம் விட்டுவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். இரண்டு மணி நேரம் காரோட்டிக் கூட்டிப்போய், பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது வேதனைதான். கேட்க வேண்டும் என்று தோன்றினால் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். "நான் எதில் முன்னேறணும் கோச்?" என்று பதினைந்து வயதுப் பெண் நேரில் போய்க் கேட்டால், எனக்குத் தெரிந்து எந்தக் கோச்சும் முகம் சுளித்ததில்லை.

உங்கள் குரலை உடம்புக்காக வைத்துக்கொள்ளுங்கள். தலையில் அடி, மூச்சு முட்டல், வெயிலில் மயக்கம், சாப்பிடாமல் எடை குறைப்பது, கோச் அசிங்கமாகப் பேசுவது, தனியாக அடைத்துவைப்பது. இவற்றில் யாருடைய முகத்துக்காகவும் தயங்காதீர்கள். கோச் எடுக்கவில்லையா, என்னைக் கூப்பிடுங்கள். நான் எடுக்கவில்லையா, அத்லெட்டிக் டைரக்டர், பிரின்சிபல், யாரையாவது. சீசன் தொடங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: "தலையில் அடிபட்டால் நான் யாருக்குப் போன் பண்ணணும்?" அந்த நம்பரை அம்மா போனிலும் அப்பா போனிலும் போட்டு வையுங்கள்.

லபக் தந்தையின் புகாரில் உண்மை இருந்தது என்று நான் நம்புகிறேன். முன்பு எழுந்த ஆட்ட நேரப் பேச்சு அந்தப் புகாரைக் கறைப்படுத்திவிட்டது. மகனின் தலையைப் பற்றிப் பேசியபோதும் பலர் காதில் விழுந்தது மகனின் நிமிடக் கணக்குதான். எங்கள் கோச் போனைக் கவிழ்த்து வைத்ததும் அதனால்தான். அவர் செய்தது தவறு, அதை அவரே ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் காயம் பற்றிய செய்திக்குத் தனி நம்பர், அது என்னிடம் இருக்கிறது. கோச்சுக்குப் பெற்றோர்மேல் எத்தனை கோபம் இருந்தாலும் அது பிள்ளையின் சிகிச்சைக்குள் வந்துவிடக் கூடாது. லபக்கில் அது வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பெண் ஆட்டத்துக்குத் திரும்ப 19 நாள் ஆனது. முதலில் பாதி நாள் வகுப்பு, பிறகு முழு நாள், பிறகு சைக்கிள், ஓட்டம், பந்தோடு தனியாகப் பயிற்சி, கடைசியாக மோதல் உள்ள பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே. ஒரு தடவை திரும்பியது. அன்று அழுதாள்.

டாக்டர் அனுமதிக் கடிதம் கொடுத்த மறுநாள் அப்பா பள்ளிக்கு வந்தார். திரும்ப ஆட அனுமதிக்கும் படிவத்தை அவர் முன் வைத்தேன். முழுவதையும் நிதானமாகப் படித்தார். பேனாவை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர் லெட்டர் இருக்கு, உங்க கையெழுத்து இருக்கு, எனக்கு இடம் இருக்கு. கோச்சுக்கு எங்க தம்பி?"

"சட்டப்படி இதுல கோச் அனுமதி குடுக்க முடியாதுங்க. நீங்க போட்டாத்தான் இறங்க முடியும்."

பேனாவை மூடி மேசையில் வைத்தார். "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்," என்று எழுந்து, மகள் நின்றிருந்த தாழ்வாரத்துக்குப் போனார்.