எந்தக் கம்பெனி என்ஜின் உழைக்கும்?

பழைய கார் வாங்கக் கிளம்பினால் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. "ஜப்பான்காரன் என்ஜினா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்பார் ஒருவர். "இத்தாலிக்காரன் வண்டி பக்கமே போகாதே" என்பார் அடுத்தவர். இந்தப் பேச்சையெல்லாம் 1248 சிசி டீசல் என்ஜின் ஒன்று பல வருடம் கேலி செய்துகொண்டிருந்தது. இத்தாலியின் ஃபியட்டும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கி, 2003-இல் வெளிவந்த என்ஜின் அது. ஃபியட் வண்டியில் அதற்கு மல்டிஜெட் என்று பெயர். டாடாவில் குவாட்ராஜெட், மாருதியில் டிடிஐஎஸ். 'நேஷனல் என்ஜின்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. இத்தாலிய வண்டி வேண்டாம் என்று ஸ்விஃப்ட் டீசல் எடுத்தவர்கள், பானட்டுக்கு அடியில் இத்தாலிய என்ஜினை வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள். 2020-இல் பிஎஸ்-6 புகைக்கட்டுப்பாட்டு விதி வரும்வரை மாருதி அதை விடவில்லை.

நம்பகத்தன்மைப் பட்டியல்களைப் பார்த்து முடிவெடுக்கலாமே என்று தோன்றும். அவையும் முழுக்கதை சொல்வதில்லை. அமெரிக்காவில் ஜே.டி.பவர் நிறுவனம் 100 வண்டிக்கு எத்தனை புகார் என்று எண்ணுகிறது. அந்தக் கணக்கில் போன் புளூடூத்தில் சேராததும் ஒரு புகார், என்ஜின் சீஸ் ஆகிச் சுற்றாமல் நிற்பதும் ஒரு புகார்.

என்ஜின் ஏன் பிழைக்கிறது, ஏன் சாகிறது என்பதற்கு உள்ளே போக வேண்டும். பிஸ்டனின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட். ஓடும் என்ஜினில் அது, தன்னைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதே இல்லை. சுற்றுகிற வேகத்தில் ஆயிலை ஆப்புபோலத் தனக்கு அடியில் இழுத்துச் செருகிக்கொண்டு, அதன்மேல் மிதக்கிறது. மழைத்தண்ணீர் தேங்கிய ரோட்டில் வேகமாகப் போகும் டயர் தரையைவிட்டு எழும்பி வழுக்குமே, அதே சங்கதி. அந்த ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். தலைமுடி ஒன்று 70 மைக்ரான் இருக்கும். சராசரியாக 40 கி.மீ. வேகம், நிமிடத்துக்கு 2000 சுற்று என்று வைத்தால், 1 லட்சம் கி.மீ. ஓடிய வண்டியில் கிராங்க் 30 கோடி முறை சுற்றியிருக்கும். படலம் இருக்கிறவரை அத்தனை சுற்றும் பெரிய தேய்மானம் இல்லாமல் நடந்துவிடும். கொஞ்ச நேரம் ஆயில் வராமல் போனால் பேரிங் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் என்ஜினை இறக்க வேண்டியதுதான்.

பெரிய கம்பெனிகள் சறுக்கியது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஹூண்டாயின் அலபாமா ஆலையில் செய்த தீட்டா-2 என்ஜின்களில், கிராங்க் ஷாஃப்டில் ஆயில் போகும் துளைகளைக் குடைந்தபோது உதிர்ந்த உலோகத் துகள்கள் சரியாகக் கழுவப்படாமல் தங்கிவிட்டன. 2015-இல் சுமார் 4.7 லட்சம் சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தார்கள். சரி, டொயோட்டாவில் இப்படி நடக்குமா? நடந்தது. 2024-இல் டன்ட்ரா பிக்கப், லெக்சஸ் எல்எக்ஸ் என்று சுமார் 1 லட்சம் வண்டிகள், ஏறக்குறைய இதே காரணத்துக்காகத் திரும்பப் போயின. மறுவருடம் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி-8 என்ஜினுக்காக அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சம் வண்டிகளை அழைத்தது. சோதனையில் தேறிய என்ஜின்களுக்கு அவர்கள் கொடுத்த மருந்து, முன்னைவிடக் கெட்டியான ஆயில். மைலேஜ் கூட்டுவதற்காக ஆயிலை நீர்க்க வைத்துக்கொண்டே போன இந்தக் காலத்தில் எனக்கு இது ரொம்பவே சுவாரசியமான சிகிச்சை.

கழுவாமல் விட்டது ஆலையில் நடந்த பிழை. வரைபலகையிலேயே பிழை புகுவது வேறு ரகம். ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட், மூன்றே சிலிண்டர். 2012, 2013, 2014 என்று மூன்று வருடம் தொடர்ந்து உலகின் சிறந்த என்ஜின் விருதைத் தட்டிச்சென்றது. பெஜோ, சிட்ரோயன் கார்களின் 1.2 லிட்டர் பியூர்டெக் டர்போ, 2015 முதல் நான்கு வருடம் தன் பிரிவில் விருது வாங்கியது. இரண்டிலும், வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடும்படி இயக்கும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடியது. வழக்கமாக ரப்பர் பெல்ட்டை ஆயில் படாமல் வெளியே வைப்பார்கள், அல்லது செயின் போடுவார்கள். நனைந்த பெல்ட்டில் உராய்வு குறைவு, சத்தமும் குறைவு. காகிதத்தில் எல்லாமே லாபம்.

ஆனால் ஆயில் எப்போதும் வெறும் ஆயிலாக இருப்பதில்லை. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜினில், எரியாத பெட்ரோல் கொஞ்சம் சுவர் வழியே கசிந்து ஆயிலில் கலக்கும். நீண்ட பயணத்தில் சூட்டில் அது ஆவியாகிப் போய்விடும். தினமும் மூன்று கிலோமீட்டர் போய் வருகிற வண்டியில் அங்கேயே தங்கும். பெட்ரோல் கலந்த ஆயிலில் ஊறும் ரப்பர் உப்பி, வெடித்து, துணுக்கு துணுக்காக உதிரும். துணுக்குகள், என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் என்ற தொட்டியில் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். பெல்ட் அறுவதற்கு முன்பே ஆயில் பிரஷர் விழுந்துவிடும். ஃபோர்டு இந்த பெல்ட்டுக்கு ஐரோப்பாவில் கொடுத்த ஆயுள் 10 வருடம் அல்லது 2.4 லட்சம் கி.மீ.

பிறகு டைமிங் வேலைக்கு ஃபோர்டு செயினுக்கு மாறியது. ஆயில் பம்பைச் சுற்றும் பெல்ட்டை மட்டும் ஆயிலிலேயே விட்டது. 2023 டிசம்பரில், 1.0 லிட்டர் என்ஜினின் ஆயில் பம்ப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்காக அமெரிக்காவில் சுமார் 1.4 லட்சம் கார்களுக்கு அழைப்பு போனது. அவற்றில் ஈகோஸ்போர்ட்களும் இருந்தன. அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட்டெல்லாம் நம்ம மறைமலை நகர் ஆலையிலிருந்து கப்பலேறிப் போனவை.

பியூர்டெக் பக்கம் மெக்கானிக்குகளிடம் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாய் வழியாக அதை பெல்ட்டின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். கருவியின் இடைவெளிக்குள் பெல்ட் நுழைந்தால் இன்னும் ஓட்டலாம். நுழையவில்லை என்றால் ரப்பர் உப்பிவிட்டது, மாற்ற வேண்டும்.